வந்தவரை மட்டும் வந்தவராக எழுதியவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் கம்யூட்டர் புறநகர் ரயிலில் இருந்தேன். போன் அடித்தது. "அங்கிள், நான் ரீத்தா பேசறேன், சார்ஜன் ஆரோக்கியசாமி மகள். அப்பா காலையில தூக்கத்திலேயே போயிட்டாரு." தொடர்ந்து சொன்னாள்: "யார் யாருக்குச் சொல்லணும்னு அப்பா லிஸ்ட் எழுதி வெச்சிருக்காரு. உங்க பேரு மூணாவது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் கண் கலங்கியது. அறுபத்தெட்டு வயதில், படுக்கையில் கிடக்காமல், பட்டியலையும் சரியாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் அப்படித்தான் போவார்.

நம் வாசகர் வட்டத்தில் புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். போலீஸ் சார்ஜனான அவர் நம் உறுப்பினராக வந்தவர் இல்லை. நம்மை வேவு பார்க்க வந்தவர். பத்து வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டுத் தீவிரவாத இயக்கங்கள் போன் வழியாக இங்கே ஆள் பிடிக்கிற செய்தி அடிக்கடி வந்துகொண்டிருந்தது. அரசாங்கம் சட்டத்தை இறுக்கியது. சந்தேகம் வந்தால் ஒருவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே இருபத்தெட்டு நாள் வைத்திருக்கலாம். கூட்டம் என்று எங்கே நடந்தாலும் உளவுப் பிரிவிலிருந்து ஒருவர் சாதாரண உடையில் வந்து உட்காருவார். நமக்கு வாய்த்தவர் ஆரோக்கியசாமி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். சிறுகதை பற்றிப் பேச மாதம் ஒருமுறை இருபது பேர் கூடுகிற நமக்கு, நம்மையும் ஒரு பொருட்டாக மதித்து ஆள் அனுப்பியதில் உள்ளுக்குள் பெருமைதான்.

முதல் நாள் கிள்ளான் மாடி மண்டபத்தில் கதவோர நாற்காலியில் உட்கார்ந்தார். பூப்போட்ட பாத்தேக் சட்டை, காலில் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து. சப்பாத்தைப் பார்த்தே போலீஸ் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தலைவர் முனியாண்டி, "அண்ணே, யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டார். "எல்லாரையும்தான். ஸ்டேஷன்ல இருந்து வரேன். நீங்க பேசுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றார் ஒளிவுமறைவில்லாமல். மூன்றாம் மாதத்திலிருந்து அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்வதில்லை. யாராவது வேகமாகப் பேசினால், "மெதுவா சொல்லுங்கய்யா, சார்ஜனுக்குக் கை வலிக்கும்" என்று பின்னாலிருந்து குரல் வரும். அவரும் சிரித்துக்கொண்டே எழுதுவார்.

அவர் கை வலியைப் பார்த்து ஒருநாள் நானே கேட்டேன். "எதுக்கு சார் கஷ்டப்படறீங்க? செயலாளர்ங்கிற முறையில நான் எழுதற கூட்டக் குறிப்பு இருக்கு, பார்த்து எழுதிக்குங்க." வாங்கி ஒரு பக்கம் படித்தார். திருப்பிக் கொடுத்தார். "வேணாம் லா. உங்க குறிப்புல வராதவங்கல்லாம் வந்திருக்காங்க." தன் நோட்டைக் காட்டினார். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் வந்தவர், வலப்பக்கம் உறுப்பினர் பட்டியலில் இருந்தும் வராதவர். கீழே, யார் என்ன பேசினார் என்று.

அவர் சொன்னது உண்மை. என் மனைவியின் தம்பி செல்வத்தின் பெயரைத் துணைச் செயலாளர் என்று நான்தான் போட்டிருந்தேன். அவன் ஜெஞ்சாரோமில் இருந்துகொண்டு துறைமுகத்துக்கு லோரி ஓட்டுபவன்; கதை கட்டுரைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். ஆனால் ஒரே ஆள் வரவேற்று, அவரே பேசி, அவரே நன்றியும் சொன்னார் என்று எழுதினால் சங்கத்துக்கு அழகா? அதனால் மாதா மாதம் என் குறிப்பில் செல்வம் நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தான். நம் சங்கங்கள் பலவற்றில் இது நடக்கிற காரியம்தான். ஆகவே மனசாட்சி உறுத்தவில்லை.

ஒரு மாதம் வெளியூர்ப் பேச்சாளர் ஒருவரை அழைத்திருந்தோம். மேடையில் இலக்கியம்தான் பேசினார். முடிந்ததும் கீழே கார் நிறுத்துமிடத்தில் இளைஞர்களைத் தனித்தனியாக அழைத்துப் போன் நம்பர் வாங்கினார். நாங்கள் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். சார்ஜன் மட்டும் படியில் நின்று பார்த்தார். "மேடையில கத்தறவனப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. கீழ போய் மெதுவாப் பேசறான் பாருங்க, அவனத்தான் கவனிக்கணும்" என்றார். எனக்கு அது போலீஸ்காரப் புத்தியாகத்தான் பட்டது. சார்ஜன் எழுதி அனுப்பிய தகவலால் இரண்டு மாதம் கழித்து அந்த மனிதர் பிடிபட்டார். ஆயுதம் தூக்கிய ஓர் இயக்கத்துக்கு ஆள் சேர்ப்பவராம். நம் இளைஞர்களில் இரண்டு பேர் பயணத்துக்குத் துணிகூட எடுத்து வைத்திருந்தார்கள். அந்த இருவரும் இன்று பிள்ளைகுட்டியோடு இருக்கிறார்கள் என்றால், அன்று படியில் நின்ற அந்தக் கறுப்புச் சப்பாத்துதான் காரணம்.

பிடிபட்டவரின் போனில் நான் அனுப்பிய கூட்டக் குறிப்பு இருந்தது. "துணைச் செயலாளர் செல்வம் சிறப்பு விருந்தினரை வானளாவப் புகழ்ந்து நன்றி கூறினார்." மறுநாள் விடியலில் செல்வத்தை வீட்டிலிருந்தே அழைத்துப் போய்விட்டார்கள்.

என் மனைவி கமலா அழவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றாள். "என் தம்பி உங்க கூட்டத்துக்கு ஒரு நாளாச்சும் வந்திருக்கானா? அவனுக்கு நன்றின்னு எழுதவாச்சும் தெரியுமா?" என்றாள். உண்மையைச் சொன்னால் பொய்க் குறிப்பு எழுதியதற்கு என்னையும் உள்ளே வைப்பார்களோ என்று பயம். ஒரு வாரம் அந்தப் பயத்தோடே இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். செல்வம் உள்ளே இருந்த அந்த ஒரு வாரமும் நான் வீட்டில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

எட்டாம் நாள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய், சார்ஜன் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் அவரைப் பிடித்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? விசாரிக்கிற அதிகாரிகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார். "என்னைப் பிடிச்சு வெச்சிட்டா?" என்றேன். "வெச்சா வெக்கட்டும். அந்தப் பையன் ஒண்ணுமே செய்யாம உள்ள இருக்கான்ல." சட்டத்தைத் திட்டினேன். விசாரணையே இல்லாமல் இத்தனை நாள் வைப்பது என்ன நியாயம் என்று கத்தினேன். இன்றைக்கும் அப்படித்தான் கேட்பேன். அவர் கோபப்படவில்லை. "சட்டம் என் கையில இல்ல. எழுதறது மட்டும்தான் என் கையில இருக்கு. அதுல பொய் இல்ல" என்றார். தேநீரைக்கூட முடிக்கவிடாமல் என்னை டாக்சியில் ஏற்றிவிட்டார்.

அதிகாரி என் வாக்குமூலத்தை முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டார். மச்சானைக் காப்பாற்ற எவனும் இப்படிச் சொல்வான் என்று அவர் நினைத்திருக்கலாம். பிறகு உளவுப் பிரிவிலிருந்து கோப்பு ஒன்றை வரவழைத்தார். அந்த மாதக் கூட்டத்துக்கான சார்ஜனின் அறிக்கை. வராதவர் பட்டியலில் முதல் பெயர் செல்வம். நன்றியுரை சொன்னவர் என்ற இடத்தில் என் பெயர். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை மறக்க முடியாது. எச்சரித்து அனுப்பினார்கள். பதினோராம் நாள் செல்வம் இளைத்துப்போய் வீடு வந்தான். அவனைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் கமலா அழுதாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குச் செல்வம் வாழ்க்கையில் முதல்முறையாக வந்தான். சார்ஜன் கதவோர நாற்காலியில் இருந்தார். "தம்பி, இன்னிக்கு வந்திருக்கீங்க. எழுதிக்கலாமா?" என்று கேட்டார். "தாராளமா எழுதுங்க சார். என் மாமா எழுதறதுக்கு முன்னாடி எழுதிடுங்க" என்றான். மண்டபமே சிரித்தது. நானும்தான். பணி ஓய்வுக்குப் பிறகும் சார்ஜன் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. நோட்டு இல்லாமல் சும்மா உட்கார்ந்து கேட்பது கைக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது என்பார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது நோட்டின் நடுவில் போடும் அந்த ஒரு கோடுதான். அன்றிலிருந்து நம் குறிப்பில் வராதவர் எவரும் வந்ததில்லை, பேசாதவர் எவரும் பேசியதில்லை. நேற்று நடந்த இரங்கல் கூட்டத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. முனியாண்டி அண்ணன், "சார்ஜன் பேரை முதல்ல போடுப்பா, அவர் இங்கதான் இருக்காரு" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கதவோர நாற்காலியைப் பார்த்தேன். பிறகு கோட்டுக்கு வலப்பக்கம் எழுதினேன்.

வராதவர்: சார்ஜன் ஆரோக்கியசாமி.