பெரியம்மா வீட்டுக் கரண்டு

அப்பா அந்த இஸ்திரிப் பெட்டியைப் பண்டாரவளையிலிருந்து வாங்கி வந்தது என் வெள்ளைச் சட்டைக்காக. பெரியம்மா மகன் மடிப்புக் கலையாமல் பள்ளிக்கூடம் போகிறான், நான் மட்டும் கசங்கிப் போகிறேன் என்று அவருக்குக் குறை. கொண்டுவந்து பார்த்தால் அதன் வயர் நுனியில் இருந்த பின்கள் சதுரம். எங்கள் சுவரில் இருந்த பிளக்குக்கு உருண்டை ஓட்டை.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் காம்பராவும் பெரியப்பா காம்பராவும் முன்பு ஒரே வீடு. அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்ததும் நடுவாசலைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். எங்களுக்குத் தனி மீட்டர், தனி மெயின் சுவிட்ச். அதோடு பேச்சு நின்றது, ஏச்சு நிற்கவில்லை. சுவர் கூரை வரைக்கும் போகாததால் ஏசுவதற்கு யாரும் வெளியே வரவேண்டியதில்லை.

அம்மா அந்த பிளக்கில் கேத்தலைப் போட்டால் போதும், பெரியம்மா தொடங்கிவிடுவாள்.

"போட்டுட்டாளா? இங்க லைட்டு மங்குது பாரு. எங்க கரண்டக் குடிச்சுத்தான் அவ தேத்தண்ணி ஊத்துறா!"

அம்மாவும் விடமாட்டாள். "ஆமா, இவ வீட்டுக் கரண்டுல சீனி போட்டிருக்கு, அதான் குடிக்கிறோம்!"

அப்பாவும் நானும் சிரிப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை. தரையெல்லாம் ஈரம். அப்பா பசறையில் வாங்கிய சதுர ஓட்டைப் புது பிளக்கைச் சுவரில் மாட்டத் தொடங்கினார்.

"வயரிங் பாஸக் கூப்பிடுங்களேன்" என்றாள் அம்மா. கரண்டு வேலை செய்கிற மேஸ்திரியைத்தான் அப்படிச் சொல்வோம்.

"இதுக்கெல்லாம் ஒரு பாஸா? மெயின அமத்திட்டா பச்சப்புள்ள கூடக் கழட்டும்டி."

மெயினை அமத்தினார். எங்கள் பல்ப் அணைந்தது. அதைக் காட்டி, "பாத்தியா, கரண்டு போயிருச்சு. இனி இது வெறும் கம்பி" என்று என்னிடம் சொன்னார். பழைய மூடியைக் கழற்றினார். உள்ளே மூன்று வயர். "செவப்புல கரண்டு வரும். கறுப்புல திரும்பிப் போகும். பச்ச மண்ணுக்குப் போறது."

வரும், போகும் என்றாரே தவிர, எங்கிருந்து வரும் என்று அவரும் யோசிக்கவில்லை.

சிவப்பைப் பிடித்தார். சத்தமே வரவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார். அம்மா போய்த் தொட்டாள், தூக்கி எறியப்பட்டாள். "மெயின அமத்தியாச்சே! அமத்தியாச்சே!" என்று அலறினாள்.

"என்னடி? என்னடி ஆச்சு?" என்று அந்தப் பக்கம் பெரியம்மா. இத்தனை காலத்தில் அவள் அம்மாவிடம் நேராகக் கேட்டது அதுதான்.

பெரியப்பாவுக்குத்தான் என்னவோ உறைத்திருக்கிறது. ஓடிப்போய்த் தன் வீட்டு மெயினை அமத்தினார். அப்போதுதான் அப்பா கீழே விழுந்தார். பிறகு எழும்பவில்லை.

காரியம் முடிந்து வயரிங் பாஸ் வந்து பார்த்தார். வீட்டைப் பிரித்தபோது எல்லா வயரையும் மாற்றியவர்கள், நடுச்சுவரில் இருந்த அந்த ஒரு பிளக்கை மட்டும் பெரியப்பா வீட்டு லைனிலேயே விட்டிருக்கிறார்கள். கரண்டு கசிந்தால் தானாக அணைக்கிற ட்ரிப் சுவிட்சையும், மழைக்கு அடிக்கடி விழுகிறதென்று அங்கே கழற்றிவிட்டு நேராக வயர் கொடுத்திருந்தது. "பல்ப் அணைஞ்சத நம்பக்கூடாது. கழட்டப்போற பிளக்குலயே டெஸ்டர வச்சுப் பாக்கணும்" என்றார். செத்த பிறகு வந்து சொல்ல எல்லாருக்கும் தெரிகிறது.

பெரியம்மா உண்மையைத்தான் கத்தியிருக்கிறாள். அவளுக்கே அது உண்மையென்று தெரியாது. ஏச்சில் யார் உண்மையைத் தேடுவார்கள்? பேச்சுவார்த்தை இருந்திருந்தால், "அக்கா, உங்க மெயினையும் கொஞ்சம் அமத்துங்க" என்று ஒரு வார்த்தை போதும்.

அந்த வெள்ளைச் சட்டையை யாரும் தேய்க்கவில்லை. பள்ளிக்கூடமும் அதோடு சரி.

ஆனால் என்னை இன்னும் தூங்கவிடாதது வேறு. அப்பா சுவரைப் பிடித்து நின்ற அந்த நேரம் எங்கள் வீடு இருட்டு. சுவருக்கு மேலே, பெரியம்மா வீட்டு வெளிச்சம் கூரைத் தகரத்தில் மஞ்சளாக அடித்தது. அது கொஞ்சமும் மங்காமல் எரிந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவங்களுக்கு மட்டும் கரண்டு இருக்கே என்று பொறாமையாக இருந்தது.