கைக்கு எட்டாத திசை

பேருந்து வளைவில் திரும்பும்போதெல்லாம் அவளுடைய வலக்கை மடியிலிருந்து எழுந்து, காற்றில் எதையோ கிள்ளி, சுழற்றி, சரிப்படாமல் உதறிக்கொண்டது. பக்கத்து இருக்கைப் பெண்மணி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டார். தன்னைத்தான் ஜாடையாகத் திட்டுகிறாள் என்று நினைத்திருப்பார், பாவம்.

அவள் யாரையும் திட்டவில்லை, பிடிபடாத ஒரு சொல்லுக்குச் சைகை தேடிக்கொண்டிருந்தாள். காது கேளாதவர்களுக்குச் சைகையில் மொழிபெயர்த்துச் சொல்வது அவள் தொழில். நீதிமன்றமோ, மருத்துவமனையோ, குடும்பச் சண்டையோ, கூப்பிட்ட இடத்துக்கு ஒற்றை நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் நிற்பாள். பூப்போட்ட துணி ஆகாது, கை தெரியாமல் போய்விடும். காது கேளாதவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் புருவக்காரி. ஆள்காட்டி விரலால் புருவத்தை இரண்டு தட்டுத் தட்டினால் அது அவள்தான். கேள்வி என்று வந்துவிட்டால் அந்தப் புருவம் நெற்றி உச்சிக்கே ஏறிவிடும்.

தொழிலில் அவளுக்கு ஒரே பிடிவாதம், சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். "என் கருத்தை யார் கேட்டா? நான் ஜன்னல் மாதிரி. ஜன்னல் என்னைக்காவது பேசுமா?" என்பாள்.

அப்படிப்பட்டவளையே ஓர் இயற்பியல் பேராசிரியர் ஆட்டிவைத்துவிட்டார். நூலக மாடியில் மாதாமாதம் பொதுமக்களுக்கு அறிவியல் பேச்சு நடக்கும். அதில் சைகை மொழிபெயர்ப்பும் வேண்டும் என்று நடையாய் நடந்தவன் அவளுடைய அண்ணன். அச்சகத்தில் எந்திரம் ஓட்டுகிறான், பிறவியிலேயே காது கேளாதவன். "ஒரு தடவை வெச்சுப் பார்ப்போம், சரிப்பட்டா தொடரலாம்" என்று நூலகத்தார் இழுத்தார்கள். சொதப்பினால் அத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பேராசிரியரின் குறிப்பு முன்கூட்டியே வந்தது. படித்தவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேல்-கீழ், இடம்-வலம், முன்-பின் என்று உலகத்துக்கு மூன்று பரிமாணம். காலம் நான்காவது. அதுவும் போதாமல் இன்னும் ஆறோ ஏழோ இருக்கலாமாம்! கண்ணில் படாத அளவுக்குச் சுருண்டு கிடக்கின்றனவாம்!

"அடப்பாவி மனுஷா! நான் கையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?" என்று காகிதத்தைப் பார்த்துக் கத்தினாள்.

அவள் பதறியதில் நியாயம் இருக்கிறது. சைகை மொழிக்கு உடம்பைச் சுற்றியுள்ள வெளிதான் பலகை. நேற்று என்றால் கை தோளுக்குப் பின்னால் போகும், நாளை என்றால் முன்னால். மாமியாரை இடப்பக்கமும் மருமகளை வலப்பக்கமும் நிறுத்திவைத்து ஒரு குடும்பத்தையே நடத்திவிடலாம். ஆனால் கை எங்கே போனாலும் அந்த மூன்று திசைக்குள்தானே போகும்?

அண்ணனை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். மூடிய முஷ்டிக்குள் விரலைவிட்டுத் திருகினாள். "பூட்டு ரிப்பேரா?" என்று கையால் கேட்டான். வயிற்றருகே சுழற்றினாள். "யாருக்கு வயித்துவலி?" என்றான்.

கடைசியில் பேராசிரியரின் உதாரணமே கைகொடுத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர்க் குழாய் வெறும் கோடு. முன்னே போகலாம், பின்னே வரலாம், அவ்வளவுதான். ஆனால் அதன்மேல் ஊரும் எறும்புக்குக் குழாயைச் சுற்றிவரவும் வழியிருக்கிறது. இடக்கை விரலை நீட்டி, வலக்கை விரல்நுனியால் அதைச் சுற்றினாள். அந்தச் சுற்றைச் சிறிதாக்கி, இன்னும் சிறிதாக்கி, கண்ணை இடுக்கி, இல்லாமலே ஆக்கினாள். அண்ணன் வாயைப் பிளந்துவிட்டான்.

"இங்கேயும் இருக்கா? இந்த மேசை மேலயும்?"

"எல்லா இடத்திலயும் இருக்குண்ணா."

"நிஜமாவா?"

"நிஜந்தான்!"

குறிப்பில் 'இருக்கலாம்' என்றுதான் இருந்தது. சந்தோஷத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் அச்சகம் முழுவதற்கும் அண்ணன் எறும்பைச் சுற்றவிட்டுக் காட்டினான். சிரித்தவர்களையும் விடவில்லை.

பேச்சு நடந்த அன்று, பேராசிரியர் சொல்லச் சொல்ல அவள் கை பறந்தது. குட்டிக் காந்தம் ஒரு குண்டூசியைத் தூக்குகிறது, கீழே மொத்தப் பூமியும் இழுத்தும் தோற்றுப்போகிறது. ஈர்ப்பு ஏன் இப்படிச் சோப்ளாங்கியாக இருக்கிறது? ஒருவேளை அது மற்ற திசைகளுக்குள் கசிந்துவிடுகிறதோ? காது கேளாதவர்களின் வரிசை கைகளை உயர்த்தி அசைத்தது. அதுதான் அவர்களுடைய கைதட்டல். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "சார், இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா?"

"இல்லீங்க. இதுவரைக்கும் ஒண்ணுகூட இல்ல. இருக்கா இல்லையான்னே தெரியாது" என்று சொல்லிவிட்டு, பேராசிரியர் சாவகாசமாகத் தண்ணீர் குடித்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவள் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. எத்தனையோ தீர்ப்பையும் சாவுச் செய்தியையும் நடுங்காமல் சொன்ன கை! ஒண்ணுகூட இல்லையா? அப்படியானால் 'நிஜந்தான்' என்று அடித்துச் சொன்னது யார்?

"என்ன சொன்னார்? ஏன் சிரிக்கிறாங்க?" என்று அண்ணனின் கை கேட்டது.

அவள் கை தானாகவே பதில் சொன்னது: "ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன்."

சொன்ன மாத்திரத்தில் அது யார் பேசும் பேச்சு என்று அவளுக்கு உறைத்தது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டே சிரிப்பார்கள், அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்து என்ன என்று கேட்பான். அப்பாவும் சித்தப்பாவும் அத்தையும் அவனுக்கு ஆயுசு முழுக்கக் கொடுத்த பதில் அதுதான். அந்த 'அப்புறம்' ஒரு நாளும் வந்ததில்லை. இவள் ஒருத்திதான் அதைச் சொல்லாதவள். அண்ணன் கையைக் கீழே போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சார், நிறுத்துங்க!" கூட்டம் திகைத்தது. அவளும்தான் திகைத்தாள், மேடையில் அவள் தன் சொந்தக் குரலில் பேசியதே கிடையாது. "இவங்களுக்கு நான் இன்னும் சொல்லல. திரும்பச் சொல்லுங்க."

பேராசிரியர் திரும்பச் சொன்னார். தரையை உதைத்து அதிர்வில் அண்ணனைத் திரும்பவைத்து, அவள் ஒரு சொல் விடாமல் சொன்னாள். இல்லை. ஒன்றுகூட இல்லை. அதோடு, நிஜம் என்று சொன்னது என் தப்பு என்பதையும் சொன்னாள்.

அண்ணன் எழுந்து, பேராசிரியரைப் பார்த்துக் கையை அசைத்தான். அந்தச் சைகைக்கு அவள் குரல் கொடுத்தாள்:

"இருக்குன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே. இப்போ நான் என்ன செய்யட்டும்?"

"அவர்கிட்ட சொல்லுங்க…" என்று பேராசிரியர் அவளைப் பார்த்து ஆரம்பித்தார்.

"அவரைப் பார்த்துச் சொல்லுங்க சார்."

பேராசிரியர் அண்ணன் பக்கம் திரும்பினார். மெல்ல இரண்டு கைகளையும் தூக்கி, எனக்கும் தெரியாது என்பதுபோல் வெறும் உள்ளங்கைகளை விரித்து அப்படியே நின்றார்.

இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று புருவக்காரி தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.