தொட்டியில் ஏறிய படகு

இங்கிலாந்தின் வாய்க்கால்களில் ஒரு கோடைக்காலப் படகுப் பயணம் பற்றிய கட்டுரையை இன்று பேராசிரியர் வகுப்பில் வாசித்தார். அவசரமே இல்லாத படகு, இருபுறமும் புல்வெளி. "மேடு வந்தால் படகு எப்படி ஏறும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியும்.

அக்காவின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்திலும் அப்படியொரு படகு இருந்தது. திருவண்ணாமலையே தண்ணீருக்கு அலைந்த சித்திரை மாதம் அது. காலையெல்லாம் தெருக்குழாயில் நின்று அக்கா இரண்டு குடம் கொண்டுவந்திருந்தாள். படகு ஏறுவதைக் காட்டச் சொல்லி நான் நச்சரித்தேன். பாசி படிந்த துவைக்கும் தொட்டியில் கொட்டாங்கச்சியை வைத்து, அவள் ஒரு குடத்தைச் சாய்த்தாள்.

"பாத்தியாடி? ரெண்டு பக்கமும் கதவ மூடிட்டு தண்ணிய விட்டா, படகு தானா ஏறிடும்."

அப்பா பின்னால் நின்றிருந்தார்.

"குடிக்கிற தண்ணிய கொட்டி ஆட்டமா போடுற? படிப்பு ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு. கிழிச்சது போதும், வூட்ல கெட."

நான்தான் கேட்டேன் என்று சொல்வேனா என அக்கா என்னைப் பார்த்தாள். நான் கொட்டாங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நான் மட்டும் போனேன். அடுத்த வருடம் அவளைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள்.

வகுப்பில் யாரும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பேராசிரியரே கரும்பலகையில் படம் வரைந்து நெடுநேரம் விளக்கினார். அக்கா இதைவிடத் தெளிவாக, ஒரே குடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தாள்.