மாப்பிள்ளை சொன்ன ‘விச்’

அப்பா மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். வீட்டில் அவருக்கு அகப்பட்ட மாணவிகள் அக்காவும் எட்டு வயது நானும்தான். மனிதர்கள் என்றால் ‘ஹூ’, அவர்களே செயப்படுபொருளாகிவிட்டால் ‘ஹூம்’, மாட்டுக்கும் மரத்துக்கும் ‘விச்’ என்று எங்களை உருப்போட வைத்திருந்தார். “நம்ம பாஷையில வந்த மாமாவுக்கும் வந்த மாட்டுக்கும் ஒரே ‘வந்த’தான். யாருக்கு என்ன கொறஞ்சுபோச்சு?” என்பாள் அம்மா.

அந்த வருஷம் அக்காவைப் பெண் பார்க்க மாம்பலத்திலிருந்து வந்தார்கள். அங்கே அப்போதுதான் புதுத் தெருக்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் அதற்குள் மாடி வைத்தே கட்டிவிட்டதாகப் பேச்சு. மாப்பிள்ளை பி.ஏ. அந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றவில்லை. அம்மா முந்திரியைத் தாராளமாகப் போட்டுக் கேசரி கிளறியிருந்தாள்.

அக்கா ஒரு கீர்த்தனம் பாடிவிட்டு ஜமக்காளத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பா மாப்பிள்ளையின் தகப்பனாரோடு, பெய்யாத மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை, தன்னோடு வந்த சிநேகிதர் பக்கம் சாய்ந்து, பெண்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில், “தி கேர்ல் விச் வீ ஸா லாஸ்ட் வீக் வாஸ் ஃபேரர்” என்றார். போன வாரம் பார்த்த பெண் இவளைவிடச் சிவப்பு என்று அர்த்தம்.

அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“விச் இல்ல, ஹூம்” என்றேன் நான், உரக்க.

மழைப் பேச்சு நின்றது. அப்பாவுக்கு முகமெல்லாம் பெருமை. “எங்கே, முழு வாக்கியத்தையும் திருத்திச் சொல்லு பார்ப்போம்” என்றார். எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டவர், கடைசிச் சொல் வந்ததும் ஆட்டுவதை நிறுத்தினார்.

“இலக்கணம் சரியா இருக்கு” என்றார் மாப்பிள்ளையைப் பார்த்து. “அர்த்தம்தான் சரியில்லை. நீங்க அந்தப் பொண்ணையே பண்ணிக்கோங்கோ.”

காப்பி ஆறுவதற்குள் அவர்கள் வந்த ஜட்கா தெரு முனையைத் தாண்டிவிட்டது. “ஆத்துல ரெண்டு பொண்ணை வச்சுண்டு பேசற பேச்சா இது?” என்று அம்மா சமையலறையில் பாத்திரங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா தன் பங்குக் கேசரியையும் என் தட்டில் வழித்துப் போட்டாள். இவ்வளவு நாள் படித்தும் அந்த ஒரு ‘ஹூம்’ தெரியாமல் என்னைக் கிள்ள வேண்டியிருந்ததே என்று, தின்றுகொண்டே அவளுக்காகப் பரிதாபப்பட்டேன்.