ஈர மிலாறும் ஜெசிந்தாவின் தட்டும்

பசறை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது ஜெசிந்தாவின் அண்ணன் அந்தோனியின் அழைப்பு வந்தது. "தங்கச்சி போயிருச்சுங்க சார்" என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒரு மதிலோரம் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. எதிர்பார்த்திருந்த செய்தியும் ஆளை இப்படி அடித்துப்போடும் என்று எனக்குத் தெரியாது.

ஜெசிந்தாவை உங்களில் பலர் அறிவீர்கள். பதுளையில் எங்கள் இரசாயன ஆய்வுகூடத்தில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. நான் பஜாரில் கடை வைத்திருந்த குடும்பம். அவர் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் தொழிலாளர் குடியிருப்பில், பிறந்தவர். அவருடைய ஆராய்ச்சி சியோலைட் பற்றியது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த, கல்லைப் போன்ற வெள்ளைப் பொருள் அது. யார் கேட்டாலும் அவர் தரும் விளக்கம் ஒன்றுதான்: "ஒவ்வொரு மணிக்குள்ளயும் ஒரு லயம் இருக்குங்க. வரிசையா சின்னச் சின்னக் காம்பரா. வாசல் அளவுக்குத் தக்க ஆளுதான் உள்ள போக முடியும்." பெரிய பேராசிரியர்கள் முன்னாலும் இதையே சொன்னார். சிரித்தவர்களும் உண்டு.

லயத்து அடுப்புப் புகையை ஒழிக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே பிடிவாதம். செம்பு ஏற்றிய சியோலைட் மணிகளை ஒரு தட்டில் பரப்பிப் புகைபோக்கியில் மாட்டினால், புகை அந்தத் துளைகளில் நுழைந்து அடுப்புச் சூட்டிலேயே எரிந்து தீர வேண்டும். சிறு வயது முதல் தின்ற புகை அவருடைய நெஞ்சைக் கெடுத்திருந்தது. மாடிப்படியை நின்று நின்றுதான் ஏறுவார். "நான் இருமுறது போதும். அண்ணன் பிள்ளைங்க இருமக் கூடாது" என்பார்.

ஆய்வுகூடத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. முதல் தட்டை மடுல்சீமையில் அந்தோனியின் வீட்டு அடுப்புக்கு மேல் மாட்டினோம். மழை தொடங்கிய வாரமே அண்ணி அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டார். "கோவிச்சுக்காத ஜெசிந்தா. புகை பூரா வீட்டுக்குள்ளயே திரும்புது, கண்ணு தெரியாம சோறு வடிக்க முடியல" என்றார்.

ஜெசிந்தா அடுப்பருகே கிடந்த விறகைத் தொட்டுப் பார்த்தார். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. தோட்டத்தில் மிலாறு என்பார்கள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சியோலைட் தண்ணீரைக் கண்டால் விடாது. நீராவி முதலில் புகுந்து காம்பராக்களை நிறைத்துவிட, புகைக்கு இடமில்லாமல் போய், தட்டெல்லாம் தார் அடைத்திருந்தது. நாங்கள் சோதனைக்கு எரித்ததோ உலர்ந்த விறகு. "லயத்துல பொறந்தவ நான். மழை மாசத்துல காஞ்ச மிலாறு எவ வீட்டுல இருந்துச்சு?" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பிறகு தண்ணீரை ஏற்காத சியோலைட்டைத் தேடத் தொடங்கினார். மின்வெட்டு வரும், உலை ஆறிப்போகும், செய்ததெல்லாம் பாழாகும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். அந்த ஆண்டுகளை நினைத்தாலே எனக்கு இன்றும் உடம்பு வலிக்கிறது. அவர் அலுத்துக்கொண்டதேயில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் நிறையவே அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே உலையைப் போட்டார்.

கடைசியாகப் பார்த்தபோது பதுளை வீட்டில் மூக்கில் குழாயுடன் படுத்திருந்தார். கட்டிலோரம், காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அதற்குள் வேலை செய்வதும் சியோலைட்தான். அதைத் தட்டிக்காட்டி, "நம்ம ஆளுதான் உள்ள. இத்தனை வருசம் நான் அதுக்கு உழைச்சேன், இப்ப அது எனக்கு உழைக்குது" என்றார். சிரிப்பு இருமலில் முடிந்தது. தண்ணீரை ஏற்காத மணிகள் பரப்பிய புதிய தட்டை அண்ணன் கொண்டுபோய் மாட்டிவிட்டதாகச் சொன்னார். "மழை வரட்டும், பார்ப்போம்."

மடுல்சீமையில் அடக்கம் முடிந்த கையோடு மழை கொட்டியது. வந்த சனத்துக்குத் தேத்தண்ணீர் போட, அண்ணி நனைந்த மிலாறைத்தான் அடுப்பில் திணித்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அடுப்படிச் சுவர் தெளிவாகத் தெரிந்தது. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னெல்லாம் அழுதா, புகைன்னு சொல்லிச் சமாளிச்சிருவேன் சார். இப்ப அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டுப் போயிட்டா."

ஒரு நாள் ஓடியது சோதனையாகாது என்று ஜெசிந்தா சொல்வார். துளைகள் மெல்ல அடைபடும். அவ்வப்போது தட்டைக் கழற்றி உலையில் எரித்துச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். அந்தப் பாதையில் பஸ் ஏறி இறங்க எனக்கு உடம்பில் தெம்பில்லை. ஆனாலும் போவேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வேலையைத்தான். கறுத்த மணிகளை எரித்தால் பழையபடி ஆகிவிடும். நெஞ்சுக்கு அப்படி ஓர் உலை இல்லாமல் போயிற்றே, ஜெசிந்தா.