பல்லைப் பார்த்து எழுதிய வயது

ஒன்பது வயதில் பிளைவுட் மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்பதுகூடச் சரியில்லை. என் பெயர் அங்கே எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அம்மா போனாள், நானும் கூடவே போனேன்.

போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், உப்பங்கழி ஓரமாக இருந்தது அந்த மில். அப்பா ராமநாதபுரம் பக்கத்து விவசாயக் கூலி. கான்ட்ராக்டர் ஒருவர் ஆள் சேர்த்தபோது அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். மூன்றாம் வருஷம் மரக்கிடங்கில் ஒரு கர்ஜன் மரத்தடி உருண்டு அவர் இடுப்பில் ஏறியது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன்பிறகு நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அன்றிலிருந்து சமையல் அவருடையதாயிற்று, மில் எங்களுடையதாயிற்று.

மரத்தடியை வெந்நீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, பட்டை உரித்து, இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றுவார்கள். நீளமான கத்தி ஒன்று அதைச் சீவிக்கொண்டே இருக்க, பாய் விரிகிற மாதிரி மெல்லிய மரத்தகடு வெளியே வரும். அதில் கிழிசல் இல்லாமல் இராது. கிழிந்த இடங்களில் கோந்து டேப் ஒட்டுவதுதான் பிள்ளைகளின் வேலை. நாங்கள் எட்டுப் பெண்கள். டேப்பை நனைக்க ஆளுக்கொரு ஈரப் பஞ்சு கொடுத்திருந்தார்கள். அது காய்ந்துவிட்டால் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்து வர நேரம் கிடையாது. நாக்கால் நக்கி ஒட்டுவோம். மாலையில் அப்பா வைத்த மீன் குழம்பில் எனக்கு உறைப்பு மட்டும்தான் தெரியும். உப்புப் போட மறந்துவிட்டார் என்று அவரோடு பல நாள் சண்டை போட்டிருக்கிறேன். அவர் என் தட்டில் மட்டும் இன்னும் கொஞ்சம் உப்பு வைப்பார்.

எனக்கு எதிரே உட்கார்ந்து ஒட்டியவள் ஒரு தெலுங்குப் பெண். என்னைவிட ஒரு வயது பெரியவள். அவளுக்குத் தமிழ் வராது, எனக்குத் தெலுங்கு வராது. இருவரும் இந்தியில் பேசிக்கொள்வோம். சத்தம் அதிகமாகும்போது அதுவும் இல்லாமல் உதட்டசைவிலேயே பேசுவோம்.

டவுனிலிருந்து அதிகாரிகள் வந்தால் படகில்தான் வருவார்கள். ஜெட்டி என்கிற படகுத்துறையில் படகைக் கண்டதும் மேஸ்திரி விசிலடிப்பார். நாங்கள் பாய்லர் அறைக்குப் பின்னால் மரத்தூள் குவியலில் போய் உட்கார்ந்துகொள்வோம். எனக்குப் பதினோரு வயது நடந்தபோது, ஓர் அதிகாரி வேறு ஜெட்டியில் இறங்கி, மரலாரி ஒன்றில் ஏறி, பின்வாசல் வழியாக வந்துவிட்டார். விசில் கேட்கவில்லை. நான் டேப்பை நாக்கில் வைத்திருந்தபோது அவர் என் முன்னால் குனிந்தார்.

“உமர் கித்னா, பேட்டி?” என்று வயதைக் கேட்டார்.

“க்யாரா” என்றேன். பதினொன்று. அப்படித்தான் அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். மாற்றிச் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் அவரவர் வயதைச் சொன்னார்கள். அவர் எழுதிக்கொண்டார். பிறகு தன் கைக்குட்டையை எடுத்து என் வாயோரம் ஒட்டியிருந்த கோந்தைத் துடைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் எட்டுப் பேரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

“நெஜத்த சொல்றதுக்கு ஒனக்கு வேற நேரமே கெடைக்கலயாடி?” என்றாள் அம்மா. அடிக்கவில்லை. அந்த மாதம் மூன்று வேளையும் கஞ்சிதான் குடித்தோம். பதினைந்து வயது ஆனதாக டாக்டர் காகிதம் கொண்டுவந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக மேஸ்திரி சொல்லியனுப்பினார்.

அம்மா தன் புடவை ஒன்றைக் கிழித்து எனக்குத் தாவணி கட்டிவிட்டாள். அதுதான் என் முதல் தாவணி. இரண்டு பேரும் படகேறிப் போர்ட் பிளேருக்குப் போனோம். கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தார் அந்த டாக்டர். தமிழர். வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, பல்லை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“பன்னெண்டு வயசுல வர்ற கடவாய்ப் பல்லே இன்னும் இவளுக்கு வரலையேம்மா.”

“எங்க வம்சத்துல எல்லாருக்கும் பல்லு லேட்டாத்தான்யா வரும்” என்றாள் அம்மா.

அவர் டார்ச்சை அணைத்தார். என் தாவணியைப் பார்த்தார். அதை நான் பாவாடையில் செருகாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“நான் எழுதிடுவேன். ஆனா ஒருவாட்டி எழுதுனா இந்த வயசு இவளோடவே வரும். அப்புறம் யாரும் மாத்த முடியாது, யோசிச்சுக்கங்க.”

“வரட்டும்யா. வயசு கூட இருந்தா என்ன, கெட்டா போவும்?”

அவர் எழுதினார். முத்திரை குத்தினார். திரும்பி வரும்போது படகில் அம்மா அந்தக் காகிதத்தை நனையாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். நான் பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பயமாக இருந்தது என்று சொல்ல முடியாது. நாலு வருஷம் எங்கே போயிற்று என்று புரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

காகிதத்தைப் பார்த்த மேஸ்திரி, பதினைந்து வயதுக்காரியைப் பிள்ளைகள் வேலையில் உட்கார வைக்க முடியாது என்றார். டிரையருக்கு அனுப்பினார். ஈரத் தகடுகளைச் சூட்டில் காயவைக்கும் இயந்திரம் அது. ஒரு வீட்டளவு நீளம். ஈரத் தகட்டை ஒரு முனையில் அம்மா நுழைப்பாள். மறுமுனையில் கொதிக்கக் கொதிக்க வெளியே வருவதை நான் பிடித்து அடுக்க வேண்டும். நடுவே இயந்திரம் இருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியாது. முதல் வாரமே உள்ளங்கை கொப்பளித்து உரிந்தது. சாக்குத்துணி சுற்றிக்கொண்டேன். சூட்டில் கண் எரியும். கண்ணைத் துடைத்தால் கையில் ஒட்டியிருக்கும் மரத்தூசி உள்ளே போய் இன்னும் எரியும்.

சில மதியங்களில் தகடுகளுக்கு நடுவே இடைவெளி கூடும். ஒன்றை எடுத்து அடுக்கிவிட்டு நிமிர்ந்து இரண்டு மூச்சு விட முடியும். இயந்திரம் மெதுவாகிவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் மேஸ்திரி அந்த முனையில் கத்தியது எனக்குக் கேட்டது.

“அம்மாஜி, க்யா சோ ரஹி ஹோ? ஜல்தி டாலோ! ஜல்தி!”

தூங்குகிறாயா, சீக்கிரம் போடு என்று திட்டினார். அதற்கடுத்த தகடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. என்னால் பிடிக்க முடியாமல் நாலைந்து தரையில் விழுந்து உடைந்தன. மறுவாரம் மறுபடி இடைவெளி வந்தது, மேஸ்திரி சாப்பிடப் போகிற நேரத்தில் மட்டும்.

தெலுங்குப் பெண்ணின் அப்பா அவளுக்குக் காகிதம் வாங்கவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்துவிட்டார். சும்மா இருக்கிறவளை என்ன செய்வதென்று தெரியாமல் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். காலையில் நான் கேட்டுக்குள் நுழையும்போது அவள் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போவாள். எனக்கு அவள்மேல் பொறாமை இல்லை. அவள் வேலையை இழந்தவள், நான் வேலையில் இருப்பவள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

எட்டு வருஷம் டிரையரில் நின்றேன். அதன்பிறகு சிப்பிகாட் பக்கம் அரசாங்கப் பண்ணையில் மஸ்தூர் வேலை கிடைத்தது. தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, களை எடுப்பது. வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள். என்னிடம் இருந்தது டாக்டர் காகிதம் ஒன்றுதான். அதையே கொடுத்தேன். பண்ணைக் காற்றில் சில மாதங்களில், மில் தூசியால் வந்திருந்த இருமல் நின்றது. நாக்குக்கு உப்பும் தெரிய ஆரம்பித்தது.

பல வருஷம் கழித்து, கராச்சர்மா போகிற பஸ்ஸில் அந்தத் தெலுங்குப் பெண்ணைப் பார்த்தேன். பள்ளிக்கூட டீச்சராகியிருந்தாள். தலை நரைத்திருந்தது. பழைய பழக்கத்தில் இரண்டு பேரும் இந்தியிலேயே பேசினோம். அந்த மாதக் கடைசியோடு நான் ரிட்டையர் ஆகிறேன் என்றதும் அவள் விரலை மடக்கிப் பார்த்தாள்.

“எனக்கே இன்னும் மூணு வருஷம் இருக்கு. நீ என்னைவிடச் சின்னவ இல்லையா?”

“காகிதத்துல பெரியவ” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய ஸ்டாப் வந்ததும் என் கையை எடுத்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா என்னோடுதான் இருந்தாள். காது கொஞ்சம் மந்தம், நினைவு நன்றாகவே இருந்தது. கடைசி நாள் வேலை முடிந்து வந்த மாலை, நாலு வருஷம் முன்னாடியே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அந்த டாக்டர் காகிதத்தால் வந்தது என்று சத்தமாகச் சொன்னேன். குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும்.

“நான் ஒண்ணும் பதினஞ்சுன்னு எழுதச் சொல்லல. அவராத்தான் எழுதுனாரு” என்றாள்.

நான் அவள் தட்டில் சோறு போட்டேன். பிறகு, நாளையிலிருந்து காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்று கேட்டாள்.