கூட்டலில் சேராத 1+1

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்ததில் பாதி அதனால் வந்ததுதான்.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில், நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை அள்ளுகிற வேலையை எடுத்திருந்த ஒரு காண்ட்ராக்டரின் ஆபீசில் இருந்தேன். மேஸ்திரிகள் எழுதித் தரும் ஷிப்டு நோட்டைப் பார்த்து ஆட்களின் டூட்டியைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நானும் காண்ட்ராக்ட்தான். ஆனால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற காண்ட்ராக்ட். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் இருந்தது.

ஒரு வருடத் தொடக்கத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இளம் இன்ஜினியர் வந்து சேர்ந்தார். ஆபீசில் எல்லோரும் திறந்து பார்க்கிற, எல்லோரும் எழுதுகிற ஒரு விக்கி பக்கத்தை உண்டாக்கினார். மாதத்துக்கு ஒரு அட்டவணை. வரிசைக்கு ஓர் ஆள், கட்டத்துக்கு ஒரு தேதி, வலது ஓரத்தில் கூட்டல். "நீங்க எண்ணை மட்டும் போடுங்க மேடம், கூட்டலை அதுவே பாத்துக்குமுங்க" என்றார். கால்குலேட்டரில் இரண்டு தடவை கூட்டி இரண்டு விடை வாங்குகிறவள் நான். எனக்கு அந்த அட்டவணை உயிராகிப் போனது.

மேஸ்திரி நோட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஓர் ஆள் அடுத்த ஷிப்டுக்கும் தங்கி டபுள் டூட்டி பார்த்தால் 2 என்று போட மாட்டார்கள், 1+1 என்றுதான் போடுவார்கள். வெறும் 2 போட்டால், 1ஐ யாரோ 2ஆகத் திருத்திவிட்டதாகப் பேச்சு வரும். 1+1 என்றால் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. நோட்டில் இருந்ததை நானும் அப்படியே விக்கியில் ஏற்றினேன்.

வருடக் கடைசியில் சுரங்க நிர்வாகத்திடமிருந்து ஒரு தகவல் வந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் டூட்டி பார்த்தவர்களின் பெயர்களை அனுப்பினால், பெர்மனென்ட் ஆவதற்கான சீனியாரிட்டி பட்டியலில் ஏறும். உடனே ஆளாளுக்கு வந்த கூட்டலை அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

மறுநாள் காலை, நைட் ஷிப்டு விட்டதும் முத்தாண்டிக்குப்பத்துக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். புருவமெல்லாம் நிலக்கரித் தூசி. ஐம்பதை நெருங்குகிறவர். இந்தத் தடவை பெயர் விட்டுப்போனால், அடுத்த பட்டியல் வருவதற்குள் அவருக்கு வயது தாண்டிவிடும்.

"மேடம், என் டூட்டி கொறையுதுங்க. வூட்டுல காலண்டர்ல தெனம் புள்ளி வச்சிகினு வரேன். ஒத்து வரலீங்க."

அதற்குள் நாலு பேர் வந்து இதையே கேட்டிருந்தார்கள். நான் காலை டிபன்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. "அண்ணா, இது கம்ப்யூட்டர் கூட்டினது. அதுக்கென்ன உங்க மேல பகையா? காலண்டர்ல புள்ளி வச்சா கணக்காயிடுமா? பஸ் போயிடும், கிளம்புங்க" என்று எடுத்தெறிந்து பேசிவிட்டேன்.

"செரிங்க" என்று போய்விட்டார். அவர் சண்டை போட்டிருந்தால் நானும் கத்திவிட்டு அன்றே மறந்திருப்பேன்.

பட்டியல் அன்று நாலு மணிக்குள் போக வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு, கூட்டல் அதிகமானவர் மேலே வருகிற மாதிரி வரிசைப்படுத்தினேன். முந்திரி சீசன் வந்தால் வாரக்கணக்கில் தலைகாட்டாத ஓர் ஆள் மேலே நிற்கிறார். முத்தாண்டிக்குப்பத்துக்காரர் கீழே எங்கேயோ கிடக்கிறார். அட, இதென்ன கூத்து என்று சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகுதான் உறைத்தது. ஆள் வராத நாளெல்லாம் மேஸ்திரி முதலில் கூப்பிடுவது இவரைத்தான். மழைத் தண்ணீர் இறங்கி பெல்ட் நின்ற வாரம் முழுக்க இவர்தான் தங்கினார்.

அந்த மழை மாதத்தைத் திறந்து, திரையில் விரலை வைத்து எண்ணினேன். கூட்டல் குறைவாகவே இருந்தது. இன்ஜினியரைக் கூப்பிட்டேன்.

குனிந்து பார்த்தவர் உதட்டைக் கடித்தார். "1+1னு போட்டா அதுக்கு எண் இல்லைங்க மேடம், எழுத்து. கூட்டாம தாண்டிப் போயிடும்."

"ரெண்டுல ஒண்ணாவது சேராதா?"

"சேராதுங்க. அந்த நாளே அவர் வராத மாதிரி."

ஐயோ பாவமே! இரண்டு ஷிப்டு நின்ற நாள் எல்லாம் அவர் வராத நாள். யார் அதிகம் தங்கினார்களோ அவர்களுக்கே அதிகம் குறைந்திருக்கிறது. "ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்காதா இது?" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். சொல்ல வந்த மனிதரை நான்தான் விரட்டியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டு மாதங்களில் ஆறை இன்ஜினியர் எடுத்துக்கொண்டார், ஆறை நான். 1+1ஐ அழித்து 2 போட்டுக்கொண்டே போனோம். கடைசிப் பக்கத்தைச் சேமித்தபோது முத்தாண்டிக்குப்பத்துக்காரர் எல்லையைத் தாண்டியிருந்தார். நாலு மணிக்குள் பட்டியல் அவர் பெயரோடு போனது.

மறுநாள் ஷிப்டு பஸ் நிற்கிற இடத்துக்கே போய் அவரைப் பிடித்தேன். "தப்பு என் மேலதாண்ணா. உங்க பேரு போயிடுச்சு. அந்தக் காலண்டரைக் கொண்டாங்க, ஒரு தடவை ஒத்துப் பாத்துடலாம்."

அவர் தலையைச் சொறிந்தார். "அது இல்லீங்களே. நேத்து நீங்க சொன்னதும் வூட்டுக்குப் போய்க் கழட்டிட்டேங்க. பொண்ணு நோட்டுக்கு அட்டை போடக் குடுத்துட்டேன்."

சனிக்கிழமை ஒரு பையில் நோட்டுகளைக் கொண்டுவந்தார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வேண்டும், கிழியாமல் பார்த்துப் பிரியுங்கள் என்றார். நோட்டுக்கு ஒரு மாதம் என்று காலண்டர் தாள் அட்டையாகப் போட்டிருந்தது. தேதிகளுக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளி. தங்கிய நாளுக்கு இரண்டு புள்ளி. மடிப்புக்குள் போயிருந்த தேதிகளையும் பிரித்துப் பிரித்து எண்ணினேன். கடைசியில் வந்த எண்ணும் விக்கியில் திருத்திய எண்ணும் ஒன்றுதான்.

"செரியா இருக்குதுங்களா?"

"சரியா இருக்குண்ணா. ஒண்ணுகூட நீங்க தப்பா வைக்கல."

அட்டைகளை மறுபடி மடித்துப் போட்டு, நோட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டார். "அப்ப வூட்டுல சொல்லிடறேங்க. நாந்தான் எண்ணத் தெரியாம தப்பா வச்சிகினு வந்துட்டேன்னு அன்னிக்குச் சொல்லிட்டேன்."